இரண்டு விரல் வளத்தி

லூர்த்தம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில், வட்டுக்கோட்டை மினிபஸ்ஸுக்குள். இருக்க இடமில்லை. நின்றாள். நிமிர்ந்து நின்றாள். மினிபஸ் கூரை அவள் உச்சந்தலையில் ‘டொக்’ என்று இடித்தது. சனம் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. தலையைத் தடவிக்கொண்டு யன்னலால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“கொஞ்சம் குனியன்!” என்று வெளியே நின்று கத்தினேன்.

“இனிக் குனிய மாட்டன்!” என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

பஸ் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் வட்டுக்கோட்டையில் தன் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். எழும்பவில்லை. இதயமாம். பஸ்ஸுக்குள் இருந்து கத்தியதுதான் என் மனைவி எனக்குச் சொன்ன கடைசிச் சொல். மற்றவர்களின் மனைவிமார் கடைசியில் என்ன சொல்வார்களோ தெரியாது. என்னுடையவள் மாட்டன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ‘மாட்டன்’ எப்படி வந்தது என்று சொல்கிறேன். அதில் என்னுடைய திட்டம் ஒன்று இருக்கிறது. என் திட்டங்கள் எப்படி முடியும் என்பது எங்கள் ஊர் குருநகர் முழுக்கத் தெரியும். உங்களுக்கும் தெரிந்தால் எனக்கு நட்டமில்லை.

என் பெயர் அடைக்கலநாதன். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. றேடியோவைக் கழற்றிக் கழற்றிப் படித்தேன். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ஊருக்குச் செய்தி கேட்க வைத்தவன் நான். பிறகு ரீவி திருத்தினேன். பிறகு போன். சாமான் சின்னதாகச் சின்னதாக என் தலை முன்னுக்கு முன்னுக்குப் போனது. தலைகுனியாமல் வாழவேண்டும் என்று அப்பு சொல்லித்தான் வளர்த்தார். ஆனால் குனிந்தால்தான் எனக்குச் சோறு.

இதனால் ஊரில் எனக்கு நல்ல பெயர். “நிமிர்ந்து ஒரு ஆளைப் பார்க்காத மனிசன், என்ன ஒரு பணிவு” என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் பிரசங்கத்தில் தாழ்ச்சிக்கு உதாரணமாக என்னைக் காட்டினார். பெண்கள் பக்கத்தில் இருந்த லூர்த்தம்மா பக்கத்து மனிசியின் காதில், “அது தாழ்ச்சி இல்லை, தசைப்பிடிப்பு” என்றாள். பூசை முடிய முதல் அது என் காதுக்கு வந்துவிட்டது.

எங்கள் முப்பத்தைந்தாவது கலியாண நாள் வந்தது. ரொறொன்ரோவில் இருந்து மகன் வருவதாகச் சொன்னான். கலியாணப் படம் எடுத்த அதே கோவில் படிக்கட்டில், அதே மாதிரி நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். தூசு தட்டப் பழைய படத்தைச் சுவரில் இருந்து இறக்கினேன். அந்த நேரம் பார்த்து எமில்ராஜ் உள்ளே வந்தான்.

எமில்ராஜ் பக்கத்து வீட்டுக்காரன். வீட்டுக்கும் வள்ளத்துக்கும் பெயின்ற் அடிப்பவன். அவனுடைய பெயின்ற் வாளிக்கு மூடி உண்டு. வாய்க்கு இல்லை.

“அண்ணை, படத்திலை நீங்கள் அக்காவிலும் வளத்தி!”

“ஓம். இப்பவும்தான்.”

“இப்பவோ?” என்னையும் லூர்த்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். “இப்ப ரெண்டு பேரும் ஒரு மட்டம். ரெண்டு தலைக்கும் மேலை மேசன்மாரின்ரை நீர்மட்டத்தை வைச்சால் குமிழி நடுவிலை நிக்கும்.”

“இது கழுத்து வளைவு. நான் நிமிர்ந்தன் எண்டால் அவவிலும் ஒரு சாண் கூட.”

“அப்ப நிமிருங்கோவன், பாப்பம்.”

நிமிர்ந்தேன். கழுத்துக்குள் ‘கிளுக்’ என்றது. அங்கிருந்து நாரிவரை ஒரு மின்னல் ஓடியது. “மாதாவே” என்று கதிரையில் விழுந்தேன்.

குசினிக்குள் இருந்து லூர்த்தம்மா கேட்டாள்: “என்னப்பா, வளந்திட்டியளோ?”

அன்று பின்னேரம் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து என் முதுகை உருவினாள்.

“எங்கை நோ?”

“நாரியிலை.”

நாரி என்றால் எங்கள் ஊரில் இடுப்பின் பின்பக்கம். நானோ நாலு புத்தகம் தனியாகப் படித்தவன். சும்மா கிடக்க முடியுமா?

“லூர்த்து, செந்தமிழிலை நாரி எண்டால் பொம்பிளை. தெரியுமோ?”

“அப்ப உங்களுக்கு நோ நாரியிலையோ, நாரியாலையோ?”

“ரெண்டும்தான்.”

அவளுடைய பெருவிரல் ஒரு நரம்பைத் தேடிப் பிடித்தது. அதன் பிறகு நான் செந்தமிழ் கதைக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, சாவகச்சேரியிலை ஒரு பிசியோப் பிள்ளை இருக்காம். கையாலையே நோவை எடுத்து ஆளை நிமித்தி விடுதாம். ஒருக்காப் போய்க் காட்டுங்கோவன்.”

“கண்ட ஆக்களும் பிசைய நான் என்ன இடியப்ப மாவோ? என்ரை முதுகு நிமிராட்டில் கிடக்கட்டும். ஒருத்தர் கைபடப் போறதில்லை!”

சத்தமாகத்தான் சொன்னேன். எமில்ராஜ் வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஆனால் அந்தக் கணமே திட்டம் பிறந்துவிட்டது. லூர்த்தம்மாவுக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளையிடம் போவேன். படம் எடுக்கிற அன்று படிக்கட்டில் திடீரென்று நிமிர்வேன். லூர்த்தம்மாவின் வாய் திறக்க வேண்டும். எமில்ராஜின் வாய் மூட வேண்டும். இரண்டும் ஒரே நாளில்.

சனிக்கிழமைகளில் சாவகச்சேரிச் சந்தைக்குப் போகிறேன் என்றேன்.

“என்னத்துக்கு?”

“பிலாப்பழம் வாங்க.”

“இஞ்சை சந்தையிலை இல்லையோ?”

“தென்மராட்சிப் பிலாப்பழத்தின்ரை ருசி வருமோ?”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். “போயிட்டு வாங்கோ” என்றாள்.

பிசியோப் பிள்ளையின் பெயர் லவீனா. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, சுவரில் தோலுரித்த மனிதப் படம் ஒன்று. சேட்டைக் கழற்றச் சொன்னாள். பக்கவாட்டில் நிற்கவைத்துத் தன் போனில் படம் எடுத்துக் காட்டினாள். பார்த்தேன். காற்சட்டை போட்ட கேள்விக்குறி ஒன்று.

“இது ஆர்?” என்றேன்.

“நீங்கள்தான் ஐயா. தலை ஒரு அஞ்சு கிலோ வரும். முன்னுக்கு நீட்ட நீட்டக் கழுத்துக்கு அந்தப் பாரம் கூடிக்கொண்டே போகும்.”

“அப்ப எனக்குத் தலைக்கனம் எண்டுறியள்.”

“எல்லாருக்கும் இருக்கு. உங்கடை கொஞ்சம் முன்னுக்கு நிக்குது.”

நோ முதுகில். அவள் கைவைத்தது நெஞ்சில், தோளுக்குக் கீழே. தொட்டதும் கத்திவிட்டேன்.

“பிள்ளை, நோகிறது பின்பக்கம்!”

“தெரியும். குனிஞ்சு குனிஞ்சு முன்பக்கத் தசை கட்டையாய்ப் போச்சு. அது இழுக்க, பின்பக்கம் அழுகுது. அழுகிறவனுக்கு மட்டும் எண்ணெய் போட்டு என்ன பிரயோசனம்?”

அவள் லூர்த்தம்மாவைப் போல உருவவில்லை. விரலை ஓரிடத்தில் வைத்து மெல்ல அழுத்தினாள். காத்திருந்தாள். தசை தானாக இளகிய பிறகு அடுத்த இடத்துக்குப் போனாள். பிடரியில், மண்டையோடு தொடங்குகிற இடத்தில், இரண்டு கைவிரல்களையும் கொடுத்துத் தலையைத் தாங்கிப் பிடித்தாள். என் தலையை இன்னொருவர் சுமப்பது அதுதான் முதல் தடவை. அவ்வளவு பாரத்தை இத்தனை காலமும் தனியாகத் தூக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

“நான் நிமிர்ந்தால் எவ்வளவு வளருவன்?”

“நான் ஒருத்தரையும் வளர்க்கேலாது ஐயா. மடிஞ்சு கிடக்கிறதை இளக்கி விடலாம். நிமிர்ந்து நிக்கிறது உங்கடை வேலை. நாளும் வீட்டிலை சுவரோடை நில்லுங்கோ. குதி, முதுகு, பிடரி மூண்டும் சுவரிலை படவேணும்.”

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒரு அதிசயம். யன்னலுக்கு வெளியே பார்க்க உடம்பு முழுவதையும் திருப்பவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது. நாவற்குழிப் பாலத்தடியில், தண்ணீருக்குள், கொக்குகள் நின்றன. வருசக்கணக்காக அந்த வழியால் போய்வந்திருக்கிறேன். அவை அங்கே நிற்பது எனக்குத் தெரியாது.

ஆனால் மடியில் பிலாப்பழம் இருந்தது. பஸ் நிலையத்தில் இருந்து வீடுவரை அதைத் தோளில் வைத்துத்தான் நடந்தேன். பிள்ளை நிமிர்த்தியதில் பாதியைப் பழம் குனியவைத்துவிட்டது.

லூர்த்தம்மா பழத்தைப் பார்த்தாள். “இதென்ன பிஞ்சு மாதிரி? அடுத்த முறை பெரிசாய்ப் பாருங்கோ.”

அடுத்த முறை பெரிதாக வாங்கினேன். “உள்ளுக்கை சுளை காணாது. இன்னும் பெரிசாய்.” அதற்கடுத்த முறை வாங்கிய பழத்தை நான் தூக்கினேனா, அது என்னைத் தூக்கியதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எமில்ராஜ் வீட்டில் பிள்ளைகள் பிலாச்சுளையைக் கண்டால் ஓடத் தொடங்கினார்கள்.

லவீனாவுக்குக் குழப்பம்.

“ஐயா, போன கிழமை இந்தத் தோளை நேராக்கித்தானே அனுப்பினனான்? திரும்பவும் கீழை இறங்கி நிக்குது. என்ன தூக்கினியள்?”

“பிலாப்பழம்.”

“ஏன்?”

“மனிசிக்கு.”

“அவவுக்கு அவ்வளவு விருப்பமோ?”

“அவவுக்குப் பிலாப்பழத்தைக் கண்ணிலை காட்டக்கூடாது. நான் இஞ்சை வாறது தெரியக்கூடாதெண்டுதான்.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தாள். சிரித்தாளோ என்னவோ.

இதே காலத்தில் லூர்த்தம்மாவுக்குப் பக்தி கூடிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் நவநாளுக்குப் போனாள். காலையில் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவாள். அந்தோனியார் தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்.

“என்னத்தைத் துலைச்சிட்டாய்?” என்று கேட்டேன்.

“கனக்க” என்றாள்.

கலியாண நாள் நெருங்கியது. கடைசித் தடவை போனபோது, லவீனா என் முதுகில் வேலை செய்துகொண்டே கதைத்தாள்.

“இஞ்சை ஒரு அம்மா வாறவ ஐயா. நல்ல முன்னேற்றம். அவவுக்கும் உங்களைப் போலை நாரி நோ. ஆனால் குனிஞ்சு வேலை செய்து வந்ததில்லை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் வேணுமெண்டே குனிஞ்சு நடந்தவவாம்.”

“ஏன்?”

“மனிசனிலும் பார்க்க வளத்தி எண்டு தெரியக்கூடாதாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குப்புறக் கிடந்தபடி சிரித்தேன். கட்டில் ஆடியது.

“அந்த மனிசன் ஒரு விசரன்! பக்கத்திலை ஒரு பொம்பிளை இத்தனை வருசமாய்க் கூனி நடக்கிறா. அது தெரியாமல் ஒருத்தன் குடும்பம் நடத்தியிருக்கிறான். அவனுக்குக் கண் இல்லையோ?”

“கண் இருக்கும் ஐயா. அவரும் குனிஞ்சுகொண்டு நிண்டால், அவவின்ரை வளத்தி எப்பிடித் தெரியும்?”

“என்ன எண்டாலும் விசரன்தான்!” என்றேன்.

மகன் வந்தான். கோவில் படிக்கட்டுக்குப் போனோம். எமில்ராஜும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். கூப்பிடாமலே வந்தான். லூர்த்தம்மா வெள்ளைச் சேலை. படம் எடுக்கிறவர், “ரெடியோ ஐயா?” என்றார்.

ரெடி. நாடியை உள்ளே இழுத்தேன். நெஞ்சை விரித்தேன். கழுத்தை மெல்ல மெல்ல உயர்த்தினேன். ‘கிளுக்’ இல்லை. மின்னல் இல்லை. கோவில் கோபுரத்தின் சிலுவை எனக்கு முழுதாகத் தெரிந்தது. எமில்ராஜின் வாய் மூடியது. அந்த மாதிரி ஒரு கணம் எனக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. கீழே நின்று என்னை அண்ணாந்து பார்க்கிற லூர்த்தம்மாவின் முகத்தைப் பார்க்க மெதுவாகத் திரும்பினேன்.

அங்கே முகம் இல்லை. மேலே இருந்தது.

“என்னப்பா?” என்றாள். நேராக நின்றாள். வெறும் செருப்புத்தான். என்னிலும் இரண்டு விரல் கூட.

படம் எடுக்கிறவர் கமராவை இறக்கினார். “ஐயா, நீங்கள் ஒரு படி மேலை ஏறினால் நல்லது.”

நான் அவளைப் பார்த்தேன்.

“ஏறுங்கோ, ஏறுங்கோ” என்றாள். “எனக்கொண்டுமில்லை.”

ஏறினேன். ஏறும்போது மெல்லச் சொன்னாள்: “அந்த மனிசனை விசரன் எண்டு பேசினியளாம். லவீனா சொன்னவ.”

படத்தில் என் முகம் ஒரு மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கழன்றது. முதல் தடவை நான் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே லவீனா, நேரம் மாற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறாள். எடுத்தது லூர்த்தம்மா. எனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று பயந்து அந்தச் செவ்வாயே சாவகச்சேரிக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை என்று லவீனா சொல்லியிருக்கிறாள். பிறகு இவளை மேலும் கீழும் பார்த்து, “உங்கடை நாரி எப்பிடி அம்மா?” என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்துதான் நவநாள்.

“அப்ப பிலாப்பழம்?”

“அதுக்குத்தானே பெரிசாய்க் கேட்டனான். என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போயிருந்தால் வெறுங்கையோடை வந்திருப்பியள்.”

“அப்ப கலியாணப் படம்? அதிலை நான் வளத்தி!”

“சேலைக்குள்ளை முழங்காலை மடிச்சுக்கொண்டு நிண்டனான். ஆர் கண்டது?”

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு ஏன் என்று கேட்டேன்.

“உங்கடை அம்மா என்னைப் பொம்பிளை பார்க்க வந்தண்டு, ‘பெட்டை நல்ல வளத்தி’ எண்டு ஒரு மாதிரிச் சொன்னா. சம்பந்தம் குழம்பிப்போடும் எண்டு எங்கடை அம்மா குசினிக்குள்ளை கூப்பிட்டு, ‘குனியடி’ எண்டா. குனிஞ்சனான்.” பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். “பிறகு நிமிர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. உப்பு முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அதற்கு ஒரு மறுமொழியை நான் இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

லவீனா எனக்கும் கைப்பழக்கம் காட்டித் தந்தாள். லூர்த்தம்மாவின் இடது தோளுக்குக் கீழே இறுகிய தசைக்கட்டி ஒன்று, பாக்குக் கொட்டை அளவு. பெருவிரலை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டால், “உது போன் இல்லை அப்பா” என்பாள். அந்தக் கட்டி கரைய இரண்டு மாரி சென்றது. கரைந்த அன்று கையை உயர்த்தி, மேல் தட்டில் இருந்த தேயிலைப் பேணியைத் தானே எடுத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு, பழையபடி வைத்தாள். பிறகும் எடுத்தாள்.

பின்னேரங்களில் இரண்டு பேரும் விறாந்தைச் சுவரோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். குதி, முதுகு, பிடரி. நிற்கும்போது நல்லாகச் சண்டை பிடிப்போம். சண்டைக்கும் நிமிர்ந்து நிற்பதற்கும் நல்ல பொருத்தம். நடந்தால் அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. கடைத்தெருவில் தூரத்தில் சனத்துக்கு மேலே அவள் தலை தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது. அவளுக்குச் சொல்லவில்லை. இன்னும் கன காலம் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஊருக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எமில்ராஜ் வழியில் கண்டால் மறிப்பான்.

“அண்ணை, மாதாவறியச் சொல்லுங்கோ. ஆர் வளத்தி?”

“படத்தைப் போய்ப் பார்.”

“படத்திலை கால் ரெண்டும் இல்லை. முழங்காலுக்குக் கீழை வெட்டிப்போட்டு மாட்டியிருக்கிறியள்!”

“வளத்தி தலையிலையடா இருக்கு. காலிலை இல்லை.”

அவள் வீட்டுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் கேட்கும்.

பிறகு அந்த மினிபஸ்.

அவளுடைய ஆண்டுத் திருப்பலிக்கு மகன் வருகிறான். வீட்டுக்குப் பெயின்ற் அடித்து வையுங்கோ அப்பா என்றான். எமில்ராஜ் வாளியோடும் சுரண்டியோடும் வந்தான். விறாந்தைச் சுவருக்கு முன்னால் வந்ததும் நின்றான். சுவரில் இரண்டு எண்ணெய்க் கறைகள். எங்கள் இரண்டு பேரின் தலைகளும் நாளும் பட்ட இடம். ஒன்று மேலே, ஒன்று கீழே.

“அண்ணை, எண்ணெய்க்கு மேலை பெயின்ற் பிடியாது. சுரண்டிப்போட்டுத்தான் அடிக்கவேணும்.” கொஞ்சம் யோசித்தான். “இதிலை உங்கடை எது?”

இரண்டு வருசப் பழக்கம். வாய் தானாகவே சொன்னது: “மேலை இருக்கிறது.”

“சரி. அக்காவின்ரை தலை பட்ட இடத்தைச் சுரண்ட எனக்கு மனம் வராது. அது கிடக்கட்டும். உங்கடையைச் சுரண்டிப்போட்டு அடிக்கிறன்.”

சுவரோடு நெருங்கினான். சுரண்டியை மேல் கறையில் வைத்தான்.

“டேய், நில்லடா!”

“என்ன அண்ணை?”

“அதிலை தொடாதை.”

“ஏன்? உங்கடைதானே?”

கழுத்து நேராகத்தான் நின்றது. வாய்தான் வளைந்து கொடுக்க மறுத்தது. சுரண்டி சுவரிலேயே இருந்தது.

“மேலை இருக்கிறது அக்கா” என்றேன்.

எமில்ராஜ் சுரண்டியை இறக்கினான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தான்.

“தெரியும் அண்ணை. ‘அவர் சொல்லமாட்டார், நீயும் வற்புறுத்தாதை’ எண்டு அக்காதான் சொன்னவ.”

கீழ்க் கறையைச் சுரண்டி, அதன் மேல் இரண்டு பூச்சு வெள்ளை அடித்தான். மேல் கறை சுவரில் இருக்கிறது.